கரண்டிக் கை

வலியசாலையில் என் பிறந்த வீட்டுக்கும் ஸ்ரீகண்டையர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் அம்மியில் தேங்காய் அரைத்தால் இந்தப் பக்கம் எங்கள் பாத்திரங்கள் ஆடும். இத்தனை ஒட்டி இருந்தும் அந்த வீட்டு மனுஷர் ஒருவர்மேலும் எங்கள் விரல் நுனி பட்டதில்லை. அப்படி ஒரு மடி.

குளித்துவிட்டுச் சமையலுக்குப் போகிறவர்களை யாரும் தொடக்கூடாது என்பது அக்ரகாரத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சாப்பாடு ஆனதும் அது தளர்ந்துவிடும். ஸ்ரீகண்டையருக்கு அது தளரவே தளராது. தெருவில் எதிரே ஆள் வந்தால் சுவரோரமாக ஒதுங்கிக்கொள்வார். மற்ற ஆண்கள் கரமனை ஆற்றுக்குப் போய் முங்கிவிட்டு வரும்போது அவர் மட்டும் கொல்லையில் கிணற்றைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டி அதற்குள் குளிப்பார். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் என்றால் வாசல் கதவு, கொல்லைக் கதவு இரண்டுக்கும் தாழ்ப்பாள். வேர்த்து ஊற்றுகிற மேட மாதத்தில்கூட வேஷ்டி கணுக்காலைத் தொடும், மேல்துண்டு தோளை மூடியிருக்கும். நாங்கள் வாய்விட்டுக் கேலி செய்வோம், மனசுக்குள் பெருமைப்படுவோம். எங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரே என்று.

அந்த மடிதான் அவருக்குச் சோறு போட்டது. திவசச் சமையலுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. கோட்டைக்குள் பெரிய உத்தியோகஸ்தர் வீடுகளிலிருந்தெல்லாம் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். காலையிலேயே ஈரத் துணியோடு அடுப்பு மூட்டி, பலாப்பிஞ்சு, வாழைக்காய், பாகற்காய், மிளகுக் குழம்பு, பிரண்டைத் துவையல், வடை, எள்ளுருண்டை, பாயசம் என்று ஒற்றை ஆளாகச் செய்து இறக்குவார். பெருங்காயம் இல்லாத ரசம் அப்படி மணக்கும் என்று அவர் கையால்தான் எனக்குத் தெரியும்.

அவருடைய வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அவர் அப்பாவுக்கும் அப்படியே. தலைமுறை தலைமுறையாகப் பெரிய கரண்டி பிடித்து எலும்பே வளைந்துவிட்டது என்று தெருவில் பேச்சு. கரண்டிக் கை என்று பெயரும் வைத்துவிட்டோம். அவருடைய இரண்டாவது பெண் விஜயத்துக்கும் இடது மணிக்கட்டு லேசாக வளைந்திருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் எந்த அண்டாவைக் கிளறினாள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நம்ப ஆசைப்பட்டதை நம்பிவிட்டு உட்கார்ந்திருப்பதில் எங்கள் தெருவுக்கு நிகர் கிடையாது.

விஷயம் இதுதான். அந்தக் குடும்பத்தில் எலும்பின்மேல் எலும்பு முளைக்கும். முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே, தோளில், மணிக்கட்டில், மூட்டை ஒட்டிய இடங்களில் பாக்களவு, நெல்லிக்காயளவு, சிலதெல்லாம் எலுமிச்சையளவு. வலியில்லை, சீழில்லை. குழந்தையாக இருக்கும்போது தலைகாட்டி, ஆள் வளர வளரத் தானும் வளர்ந்து, ஆள் வளர்ந்து முடிந்ததும் நின்றுவிடும். அவர்கள் வீட்டில் அதற்குக் காய் என்று பெயர். ஸ்ரீகண்டையர் உடம்பில் பதினோரு காய் இருந்தது. தொட்டால் தெரிந்துவிடும், அதனால் யாரும் தொடக்கூடாது. மடி என்று நாங்கள் கும்பிட்டது அதைத்தான்.

அவர் மனைவி வாலாம்பாள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பதினாலு வயதில் அந்த வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை மாமியார் அவளைச் சுவாமி விளக்குக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வெளியே தெரிந்தால் இந்த வீட்டுப் பெண்ணை ஒருவரும் எடுக்கமாட்டார்கள், இந்த வீட்டுக் கை சமைத்ததைப் பித்ருக்களுக்கு ஒருவரும் போடமாட்டார்கள் என்று. வாலாம்பாள் மூத்தவள் சீதாலக்ஷ்மியைப் பெற்றபின் பத்து வருஷம் அவள் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். தோள்பட்டைக்குக் கீழே நகத்தளவு ஒன்றே ஒன்று. அது போதுமான அதிர்ஷ்டம். கரமனையில் அனந்தபத்மநாபன் என்கிற சர்க்கார் கச்சேரி குமாஸ்தாவுக்குச் சீதாவைக் கொடுத்தார்கள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. விஜயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூன்று வயதிலேயே இடது முழங்காலுக்குக் கீழே, உள்பக்கத்தில் ஒரு காய் வந்து, பன்னிரண்டு வயதில் எலுமிச்சையளவு ஆகியிருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு விஜயம் சொல்லித் தெரிந்தது. ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம், மிதுன மாதத்தில், நான் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டில் இருந்தேன். விடாத மழை. முற்றமெல்லாம் பாசி. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாமல் முடைநாற்றம் அடிக்கும். ஒரு நாள் காலை விஜயம் தவலையில் தண்ணீரோடு வந்து அவர்கள் முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். தவலை உருண்ட சத்தம் எங்கள் வீட்டில் கேட்டது. அவள் அழுத சத்தமும் கேட்டது.

பெற்ற உடம்புக்கு எண்ணெய் தேய்த்து உழிய எனக்கு வித்துராவிலிருந்து ஓமனா என்று ஒருத்தி வந்திருந்தாள். முறிவெண்ணெய் காய்ச்சுவதிலும் சுளுக்கு எடுப்பதிலும் அவள் கை பெயர்போனது. நான்தான் அம்மாவிடம், "ஓமனாவைக் கொஞ்சம் அங்கே அனுப்பேன், பாவம், குழந்தை இப்படி அலறறாளே" என்றேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. அதை இன்றுவரை என் நாக்கு மறக்கவில்லை.

வாலாம்பாள் வாசலிலேயே தடுத்திருக்கிறாள். ஓமனா தடுத்தால் நிற்கிற ஜாதியில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, விஜயத்தின் பாவாடையை முழங்கால்வரை சுருட்டி, வீங்கின இடத்தில் கை வைத்தாள்.

"அம்மோ! எல்லு தெற்றியிருக்கே, எலும்பு விலகியிருக்கே. இதோ பாருங்கோ, வெளியே தள்ளி நிக்குந்நு."

வாலாம்பாள் பெண்ணின் பாவாடையைக் கீழே இழுத்துவிடப் பார்த்தாள்.

"இது வீழ்ச்சையிலே வந்நதுதானே? முன்னமே ஒந்நும் உண்டாயிருந்நில்லையோ?"

"விழுந்ததிலே வந்ததுதான்" என்றாள் வாலாம்பாள். வேறே என்ன சொல்வாள்?

"அப்போ பேடிக்கண்டா, பயம் வேண்டாம். ஏழு நாள் ஞான் உழிஞ்சு அமர்த்தினா எல்லு எடத்திலே போய் உக்காரும்."

விலகின எலும்பென்று நம்பினவள் அதை உள்ளே தள்ளப் பார்த்தாள். தினமும் சூடாக எண்ணெய் ஊற்றி, இரண்டு கட்டை விரலையும் காயின்மேல் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினாள். விஜயம் போட்ட கூச்சலுக்கு என் பச்சைக் குழந்தை சுவருக்கு இந்தப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டு அழும். வாலாம்பாள் பெண்ணின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். இது சின்ன வயதிலிருந்தே உள்ளது, அமுக்காதே என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது, சத்தியம் அதை மூடியிருந்தது. ஆறாம் நாள் உள்ளே ஏதோ முறிந்தது. விஜயத்துக்கே அந்தச் சத்தம் கேட்டதாம். ஓமனா முகம் மலர்ந்து, "எடத்திலே வந்நாச்சு" என்றாள்.

மறுநாளிலிருந்து ஜுரம். காய் இருந்த இடம் தேங்காயளவு வீங்கித் தோல் மினுமினுத்தது. மேலே நீல நரம்புகள் ஓடின. தொட்டால் சுட்டது. ஓமனா ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டில் பசு கன்று போட்டிருக்கிறது என்று சொல்லி வித்துராவுக்குப் போய்விட்டாள். கஞ்சித்தண்ணீர்கூட விஜயத்துக்கு இறங்கவில்லை. கர்க்கடக மாதம் பிறந்த அன்று கரமனையிலிருந்து மாப்பிள்ளை வந்தான். காலைப் பார்த்தவன் நேரே போய் வண்டியோடு வந்தான்.

"ஆஸ்பத்திரியா? அங்கே யார் யாரோ தொடுவா" என்றார் ஸ்ரீகண்டையர்.

"தொடாமே எப்படி ஸ்வஸ்தமாகும்?" என்றான் அனந்தபத்மநாபன். "பிராயச்சித்தம் பின்னாலே பண்ணிக்கலாம். ஏறுங்கோ."

நல்ல பையன். இந்தக் கதையில் கெட்டவர் யாருமில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மேட்டின்மேல் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் வேதமாணிக்கம் என்பவர் இருந்தார். தெற்கத்தித் தமிழர், வேதக்காரர் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவர். பிராமணப் பெண் என்பதால் அவர் திரைக்கு வெளியே நின்றார். நர்ஸ் ராகேல்தான் தொட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான், நாற்பது வயதிருக்கும், கட்டை குட்டையான உருவம். விஜயத்தை ஒரு போர்வையால் மூடி, அதில் ஒரு கிழிசல் வழியாக வீங்கின முழங்காலை மட்டும்தான் வெளியே எடுத்துக் கொடுத்தாள் வாலாம்பாள்.

"கட்டியாட்டு இருக்கு டாக்டர். எலும்போட ஒட்டிக்கிட்டிருக்கு, அசையல. சூடு உண்டு. நரம்பு தெரியுது" என்றாள் ராகேல். பிறகு வாலாம்பாளைப் பார்த்து, "அம்மா, மத்தக் காலையும் ஒண்ணு காட்டுங்க. கையையும் பாக்கணும்" என்றாள்.

"மத்ததிலே வலி ஒண்ணுமில்லையே" என்றார் வெளியே நின்ற ஸ்ரீகண்டையர். "வேண்டாத இடமெல்லாம் தொடவேண்டாம். நாங்க ரொம்ப மடி."

"இந்தப் பிள்ளைக்க மணிக்கட்டு வளைஞ்சாப்ல இருக்கே?" என்றாள் ராகேல், போர்வை விலகித் தெரிந்த கையைப் பார்த்து.

"சின்னதிலே விழுந்துட்டா" என்றார் ஸ்ரீகண்டையர்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

"ஐயரே, நான் கேக்கதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க. விழுறதுக்கு முன்னால அந்த எடத்துல கட்டியாட்டு ஏதாவது உண்டா? சின்னதா, வலியில்லாம?"

"இல்லை."

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது? உங்களுக்கு? உங்க அப்பாவுக்கு?"

ஸ்ரீகண்டையர் மேல்துண்டை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். "கிடையாது. எங்காத்திலே அப்படி ஒண்ணும் கிடையாது."

எலும்பைப் படம் பிடிக்கிற யந்திரம் அப்போது மதராசில் இருந்தது. இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. கையும் கேள்வியும்தான் அவருக்குக் கருவி. கேள்விக்குக் கிடைத்த பதில் பொய்.

"எலும்புல வளர்றது ரெண்டு ஜாதி" என்றார். "ஒண்ணு பிள்ளைப் பிராயத்துலயே வந்து மெதுவா வளரும். அது சாது. தொந்தரவு பண்ணலேன்னா சும்மா விட்டிரலாம், பண்ணிச்சுன்னா அதை மட்டும் செதுக்கி எடுத்திரலாம். இன்னொண்ணு இந்த வயசுப் பிள்ளைகளுக்கு முட்டிப் பக்கம் திடீர்னு வந்து பத்துப் பதினஞ்சு நாள்ல வீங்கும். அது ஆளைக் கொல்லும். நெஞ்சுக்கு ஏறிச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது. திறந்து பாக்கலாம்னா, அந்த ஜாதியா இருந்தா திறந்ததுலயே பரவிரும். நீங்க சொல்லுகதை வச்சுப் பாத்தா இது ரெண்டாவது." திரையின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "முட்டிக்கு மேல காலை எடுக்கணும். நாளை காலத்த எடுத்தா உயிராவது மிஞ்சும்."

அனந்தபத்மநாபன் சுவரில் சாய்ந்துகொண்டான். பிறகு, பெண்ணுக்காவது ஏதாவது சாப்பிட வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, குடையைச் சுவரோரமே விட்டு மழையில் இறங்கிப் போனான்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. ஸ்ரீகண்டையர் அதில் உட்காராமல் தரையில் ஒரு மூலையில் குந்தினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்புத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் படவில்லை. எதிரே ஆஸ்பத்திரி முற்றத்தில் செம்மண் கரைந்து வாய்க்காலாக ஓடியது. உள்ளே விஜயம் முனகிக்கொண்டிருந்தாள்.

"கேட்டேளா" என்றாள் வாலாம்பாள்.

அவர் செம்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"காலை எடுக்கறேங்கறார்."

"காதிலே விழுந்தது."

"அது நம்மாத்துக் காய். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பொம்மனாட்டி அமுக்கி முறிச்சதிலே வீங்கியிருக்கு. அவ்வளவுதான். உள்ளே போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

"மாப்பிள்ளை நின்னுண்டிருந்தான்டீ."

"இப்போ இல்லையோன்னோ. இப்போ சொல்லுங்கோ."

"டாக்டர்கிட்டே சொன்னா அவன்கிட்டே சொன்னாப்போலேதான். இங்கே எது மறைவு? திரைக்கு உள்ளே பேசினா ரோடு வரைக்கும் கேக்கறது."

"கேக்கட்டும்."

"கேட்டா? சீதாவை நெனைச்சுப் பாத்தியா? அனந்து நல்லவன்தான். அவன் அம்மா இருக்காளே. அந்தக் குழந்தையையும் தூக்கிண்டு வந்து நம்மாத்து வாசல்லே எறக்கிவிட்டுட்டுப் போயிடுவா. சீதாவுக்கு இன்னும் இருபது வயசு ஆகலை. அவ என்ன பாவம் பண்ணினா?"

"விஜயம் என்ன பண்ணினா?"

"காலுதானேடீ போறது. உசிர் இருக்கும். நம்மாத்திலே ஒரு மூலையிலே இருந்துப்பா. நான் இருக்கற வரைக்கும் சோறு போடறேன்."

"உங்க கைச் சோறா? ஊருக்குத் தெரிஞ்சா அதுவும் போயிடும்னு பயம். அதையும் சேத்துச் சொல்லுங்கோ."

அவர் குரல் இறங்கியது.

"ஆமாம். பயம்தான். நாப்பத்தெட்டு வருஷமா ஒருத்தர் கையும் என்மேலே படாமே ஓட்டியாச்சு. பூணூல் கல்யாணத்திலே அப்பா என்னை மடியிலே வச்சுக்கறபோதே காதிலே சொன்னார், முட்டியை வெளியே காட்டாதேடான்னு. எனக்கு வேறே ஒண்ணும் தெரியாது வாலா. மறைக்கறது ஒண்ணுதான் தெரியும்."

வாலாம்பாள் அழுதாள். இருபத்து நாலு வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். இரங்கினாள், ஆனால் இடம் கொடுக்கவில்லை.

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

"விளக்குமேலே சத்தியம் பண்ணியிருக்கே. வாயாலே சொல்லமாட்டேன்னு."

"பண்ணினேன். அப்போ எனக்குப் பதினாலு வயசு. உங்க காலை மறைக்கறதுக்குன்னு நெனைச்சுப் பண்ணினேன். எம் பொண்ணு காலை வெட்டறதுக்குன்னு உங்கம்மா சொல்லலை."

அதற்குள் ராகேல் ஒரு காகிதமும் மைக்கூடும் எடுத்துக்கொண்டு வந்தாள். காலை எடுக்கத் தகப்பன் சம்மதம் எழுதித் தரவேண்டும். பின்னாலேயே அனந்தபத்மநாபன் நனைந்துபோய், கையில் ஒரு சீப்புப் பழத்தோடு படியேறினான். சாட்சிக் கையெழுத்து அவனுடையது.

ராகேல் காகிதத்தைப் பெஞ்சின்மேல் விரித்தாள். "இதுல போடுங்க ஐயரே. மடி தெரியும், நான் தள்ளி நிக்கேன்."

ஸ்ரீகண்டையர் எழுந்து வந்து பேனாவை எடுத்தார். வளைந்த கை. எழுத்து வராமல் பேனா மையை உதறியது. ராகேல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பார்த்த மணிக்கட்டும் இதுவும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் வாலாம்பாள் எழுந்துவிட்டாள். நேரே போய் அந்த வேதக்கார நர்ஸின் வலது கையைப் பிடித்தாள். மற்றக் கையால் புருஷனுடைய வேஷ்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினாள். ராகேலின் கையைக் கொண்டுபோய் அவர் முழங்காலுக்குக் கீழே அழுத்தி வைத்தாள். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியம் அப்படியே இருந்தது.

வராந்தாவில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். தலைச்சுமையோடு போன ஒருத்தி நின்று பார்த்தாள். ஸ்ரீகண்டையர் அசையவில்லை, விலகவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

ராகேலின் விரல்கள் தாமே நகர ஆரம்பித்தன. உள்பக்கத்தில் ஒன்று. வெளிப்பக்கத்தில் ஒன்று. மற்ற முழங்கால். கணுக்கால்.

"டாக்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளே தூங்கிய நோயாளிகள் எழுந்தார்கள். "ஓடி வாங்க டாக்டர்! தகப்பனுக்கும் உண்டு! நிறைய உண்டு!"

டாக்டர் வந்து தரையில் மண்டிபோட்டு ஒவ்வொன்றாகத் தடவினார். துண்டை விலக்கித் தோளைப் பார்த்தார், மணிக்கட்டைத் திருப்பினார். உள்ளே போய் விஜயத்தின் மற்றக் காலிலும் கையிலும் ராகேலைப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் ஆறு இருந்தன. வெளியே வந்தபோது அவர் முகத்தில் கோபமும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன.

"ஒரு பொய்க்கு ஒரு காலை வெட்டியிருப்பேனே ஐயரே. நாளைக்கு வெட்டிட்டு, அறுத்துப் பாத்து, அதுக்கப்புறம் நான் எங்க போய் முட்டிக்கிடுவேன்?" பெஞ்சிலிருந்த காகிதத்தைக் கிழித்தார். "இது முதல் ஜாதி. வழிவழியா வர்றது. காம்பு ஒடிஞ்சு ரத்தம் கட்டி வீங்கியிருக்கு. வீக்கம் வத்தட்டும், அதை மட்டும் எடுத்திருவேன். மத்ததெல்லாம் கிடக்கட்டும். பிள்ளை வளர்ந்து முடிஞ்சா அதுகளும் நின்னிரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. ஆள் வளர்ந்து முடிஞ்ச பெறவு ஏதாவது ஒண்ணு பெருசாச்சுன்னா அன்னிக்கே வரணும். பிள்ளைக்கும் அதுதான், உங்களுக்கும் அதுதான்."

ஸ்ரீகண்டையர் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. வாலாம்பாள்தான் திரும்பிப் பார்த்தாள். அனந்தபத்மநாபன் பழத்தைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல், முற்றத்தில் இறங்கிக் கரமனைப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

மூன்று வாரம் கழித்துக் குளோரோபாம் கொடுத்து அதைச் செதுக்கி எடுத்தார்கள். ராகேல் ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொண்டுவந்து வாலாம்பாளுக்குக் காட்டினாளாம். "பாருங்கம்மா, அடியில சாதா எலும்பு, மேல வெள்ளையா குருத்தெலும்பு, தொப்பி போட்டாப்ல. இவ்வளவுதான். இதுல வெஷம் கெடையாது." பன்னிரண்டு வயதுவரை அந்தப் பெண் ஒளித்து ஒளித்துச் சுமந்தது அவ்வளவுதான். புண் ஆறுவதற்குள் சீழ் வைத்து, முட்டி முழுக்க மடங்காமல் போயிற்று. விஜயம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். இரண்டு காலால் நடப்பாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வலியசாலைக்குச் செய்தி வர ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. விஜயத்துக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்ரீகண்டையரைத் திவசத்துக்குக் கூப்பிடுவது நின்றது. யாரும் நேரில் ஒன்றும் சொல்லவில்லை, வண்டி வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் தாத்தா திவசம் கன்னி மாதத்தில். அப்பா கோட்டையிலிருந்து வேறே ஆளைக் கொண்டுவந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நாங்கள் வேறே கை வைத்த ரசத்தைச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். கரண்டிக் கை என்று ஆசையாகச் சொன்ன அதே வாய்கள் இப்போது ரோகக் கை என்றன. துலாம் மாதம் பிறந்ததும் அவர் வித்துராவுக்கு அப்பால் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் ரைட்டர் என்கிற குமாஸ்தாக்களுக்குச் சமைக்கப் போய்விட்டார். அங்கே குளிருக்கு எல்லாரும் போர்த்திக்கொண்டிருப்பார்கள், மடி யாருக்கும் வேண்டாம்.

சீதாவை அதற்கு முன்னாலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கரமனையில் அவள் மாமியார் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, ரவிக்கையைக் கழற்றி, முதுகில் அந்த நகத்தளவுக் காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாளாம். அனந்தபத்மநாபன் வண்டி வரை வந்தான். குழந்தையின் தலையைத் தடவினான். அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு நான் கைக்குழந்தையோடு மறுபடியும் வந்திருந்தேன். சீதாவும் நானும் ஒரே வயது, ஒரே வருஷம் கல்யாணம். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்கு நினைவு தெரிந்து சனிக்கிழமையில் அந்த வாசல் திறந்திருந்தது அன்றுதான். வாலாம்பாள் பழக்கத்தில் தாழ்ப்பாள் போடப் போயிருக்கிறாள். சீதா தடுத்திருக்கிறாள்.

"இனிமே யாருக்கு மறைக்கறது? திறந்தே கிடக்கட்டும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தேன்.

முற்றத்து ஓரத்தில் வாலாம்பாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலின்மேல் சீதாவின் குழந்தை, இரண்டு வயது நிறையப் போகிறது, எண்ணெய் வழிய உட்கார்ந்து ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. விஜயம் சாய்ந்து சாய்ந்து வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். சீதா தூணில் சாய்ந்து அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவள் அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லை என்று விஜயம் சொல்லியிருந்தாள்.

வாலாம்பாள் தோளில் தடவினாள், கையில் தடவினாள், மணிக்கட்டைச் சுற்றித் தடவினாள். பிறகு கால். முழங்காலுக்குக் கீழே, உள்பக்கத்தில், அவள் கட்டை விரல் நின்றது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. உடனே எண்ணெயை அள்ளி வேகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா?" என்றாள் சீதா.

"ஒண்ணுமில்லையே."

"நின்னதே."

"ஒண்ணுமில்லைடீ. சதைதான். கொழுகொழுன்னு இருக்கா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

ஊரெல்லாம் பார்க்க வேஷ்டியைத் தூக்கிக் காட்டினவள், பெற்ற பெண்ணிடம் மறைக்கப் பார்த்தாள். சீதா எழுந்து போய் அம்மாவின் கையை நகர்த்திவிட்டுத் தன் விரலை அந்த இடத்தில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். குழந்தைக்குக் கூச்சமாகிக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது.

"கடலைப்பருப்பு அளவு" என்றாள் சீதா. அழவில்லை. அம்மாவின் தோளில் கை வைத்து அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் வந்து தொட்டுப் பாரேன். நாங்க இத்தனை வருஷமா மறைச்சது என்னன்னு தெரியவேண்டாமா? கொல்லாது. டாக்டரே சொல்லியாச்சு."

கேலியாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் பல்லாங்குழிக்குக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டாள். எண்ணெய் மினுங்கும் அந்தச் சின்னக் கால் எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அது ஒட்டாது, பரவாது, வெறும் எலும்பு என்று எனக்குத் தெரியும்.

நான் என் குழந்தையை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அதற்குப் பால் கொடுக்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.